பொட்டு வைத்த கல்

தில்லிக்குக் கிளம்பும்போது மணத்தக்காளி வற்றல் எடுத்து வைத்தேன், காப்பிப்பொடி எடுத்து வைத்தேன், மன்னி கேட்டாளே என்று இட்லித் தட்டுக்குப் புதுத் துணிகூட எடுத்து வைத்தேன். ஸ்வெட்டரை மறந்துவிட்டேன். திருச்சியில் தலைக்கு மேல் மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போது தில்லியின் ஜனவரி ஞாபகத்துக்கு வருவதில்லை. விமான நிலையத்துக்கு வெளியே வந்து நின்றதும் பல் தந்தியடிக்க ஆரம்பித்தது.

டாக்சிக்காரர் நல்ல மனிதர், வழிதான் தெரியவில்லை. மயூர் விஹாரின் கூட்டுறவுக் குடியிருப்புகள் எல்லாம் அச்சில் வார்த்தவை. எல்லா வாசலிலும் ஒரு இரும்புக் கதவு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் மஃப்ளர் சுற்றிய ஒரு காவலாளி. ஒவ்வொரு காவலாளியும் அடுத்த வாசலைக் கை காட்டினார். கடைசியில் டாக்சிக்காரரே ஒரு யோசனை சொன்னார். "மாதாஜி, மதராஸி வீடென்றால் வாசலில் மாவால் கோடு இருக்கும். அதைத் தேடுவோம்." அப்படித்தான் என் அண்ணா வீடு அகப்பட்டது.

அண்ணா மத்திய அரசில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். கதவைத் திறந்ததும் வழக்கம்போல, "வாடி, கல்லுடைக்கறவளே" என்றான். நான் கல்லூரியில் நிலவியல் சொல்லிக்கொடுக்கிறேன். அதற்கு அவன் வைத்த பெயர் அது. ஆனால் இந்தத் தடவை அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கு மூச்சு வாங்கியது.

நான் ஊர் பார்க்க வரவில்லை. அண்ணாவுக்கு இதயத்தில் அறுவை செய்ய வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவன் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தான். ஏன் என்று போனில் கேட்டால் பேச்சை மாற்றுவான். நேரில் வந்து கேட்டுவிடுவது என்றுதான் புறப்பட்டேன்.

மறுநாள் காலை பால்கனியில் வெயில் வந்ததும் மன்னியும் நானும் பட்டாணி உரிக்க உட்கார்ந்தோம். தில்லியில் அது பட்டாணிக் காலம். மன்னி சாம்பாரிலும் பட்டாணி போடுகிறாள், உப்புமாவிலும் போடுகிறாள், விட்டால் ரசத்திலும் போடுவாள்.

"ஏன் மன்னி, அவனுக்கு ஆபரேஷன்னா பயமா?"

"பயமெல்லாம் ஒண்ணும் இல்லை" என்றாள். "சாளக்கிராமத்துக்கு யார் பண்ணுவான்னு கேக்கறார். ஆனந்துக்குக் கனடாவுல விசா இழுத்துண்டே போறது. அவன் வந்தப்புறம் பாத்துக்கலாங்கறார். அது வரைக்கும் இவர் உடம்பு தாங்கணுமே. நான் தொட முடியாது. நீயும் தொட முடியாது."

சாளக்கிராமம் இருக்கிற வீட்டில் தினமும் அதை நீராட்டி, சாதம் காட்டிவிட்டுத்தான் மற்றவர்கள் சாப்பிட வேண்டும். ஊருக்குப் போனால் கூடவே எடுத்துப் போக வேண்டும், அல்லது யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும். பட்டினி போடக் கூடாது. அந்தப் பூஜையை ஆண்கள்தான் செய்வார்கள். பெண்கள் அதற்குச் சமைக்கலாம், பூத்தொடுக்கலாம், பாத்திரம் தேய்க்கலாம். எங்கள் அப்பாவிடமிருந்து அது அண்ணாவுக்கு வந்தது, அவனுக்குப் பிறகு மகன் ஆனந்துக்குப் போகும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மன்னி அதற்குச் சமைத்துப் போடுகிறாள், ஒரு நாளும் கையால் தொட்டதில்லை.

அது என்ன கல் என்பது என் பிழைப்பு. இமயமலை எழுவதற்கு முன்னால் அந்த இடத்தில் ஒரு கடல் இருந்தது. அதன் அடியில் படிந்த கறுப்புச் சேற்றில் அம்மோனைட் என்கிற பிராணிகள் செத்து விழுந்தன. கணவாய்க்கு உறவு, ஆனால் சுருண்ட ஓட்டுக்குள் குடியிருந்தவை. சேறு இறுகி, ஏடு ஏடாகப் பிரிகிற களிப்பாறை ஆயிற்று. வகுப்பில் அதை ஷேல் என்போம். ஓட்டைச் சுற்றி மட்டும் தாதுக்கள் சேர்ந்து கெட்டியான உருண்டைகள் உண்டாயின. பிறகு கடலின் தரை மடிந்து மலையாக எழுந்தது. நேபாளத்தில் கண்டகி ஆறு அந்த மலையை அறுத்துக்கொண்டு ஓடும்போது மெத்தென்ற ஷேல் கரைந்துபோகும், உருண்டைகள் மட்டும் மிஞ்சும். அவற்றைத்தான் பொறுக்கி எடுத்து விஷ்ணு என்கிறோம். சக்கரம் என்று கண்ணில் ஒற்றிக்கொள்வது அந்த ஓட்டின் சுருள்.

எங்கள் பக்கத்திலும் இப்படி ஒரு கடல் இருந்தது. பெரம்பலூர் பக்கத்துக் காரையில் மழை அறுத்துப்போட்ட மேடுகள் கண்ணுக்கெட்டிய தூரம் கிடக்கின்றன. இமயத்து ஷேலைவிட வயதில் இளையது, இன்னும் மண்ணாகவே இருக்கிறது, நடந்தால் காலடியில் பொலபொலவென்று உதிரும். அதற்குள்ளும் அம்மோனைட் உண்டு. படிக்கிற காலத்தில் முதன்முதலாகக் காரைக்குப் போய்விட்டு வந்து அண்ணாவிடம், "நீ தினம் குளிப்பாட்டற சாமியும் நான் பொறுக்கின கல்லும் ஒரே ஜாதி" என்று சொல்லியிருக்கிறேன். சிரித்தான். வேலை கிடைத்து அவன் தில்லிக்குக் கிளம்பியபோது அங்கே எடுத்த கல் ஒன்றையே பரிசாகக் கொடுத்து, ஷோகேஸில் வைத்துக்கொள் என்றேன். அப்புறம் எத்தனையோ குவார்ட்டர்ஸ் மாறினான். எந்த ஷோகேஸிலும் அதை நான் பார்க்கவில்லை. தொலைத்திருப்பான், சங்கடப்படுவானே என்று கேட்டதும் இல்லை.

பட்டாணி உரித்து முடிவதற்குள் மன்னி ஒரு முடிவுக்கு வந்தாள். கொஞ்ச தூரத்தில் இருந்த கோயிலில் போய்க் கேட்பது. அண்ணா பூஜையை முடித்துச் சாளக்கிராமப் பெட்டியை மூடி, பட்டுத்துணியில் சுற்றி, துணிப்பையில் வைத்துக் கொடுத்தான். பையின் காதைத்தான் மன்னி பிடித்துக்கொண்டாள்.

ஒரு பேட்டரி ரிக்ஷாவில் ஏறினோம். ஓட்டுகிறவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு, "பையில் என்ன, இப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்?" என்று இந்தியில் கேட்டார். "வீட்டு டாக்கூர்ஜி, பையா" என்றாள் மன்னி, அந்த ஊரில் சாமிக்குச் சொல்கிற பெயரில். அவ்வளவுதான். அதுவரை பள்ளம் மேடு பார்க்காமல் பறந்துகொண்டிருந்த வண்டி ஊர்ந்தது. வேகத்தடை வந்த இடத்தில் ஓரம்கட்டி, சாக்கடை மூடிமேல் ஏற்றி இறக்கியதில் ஒரு சக்கரம் மாட்டிக்கொண்டது. நாங்கள் இறங்க எழுந்தபோது, "நீங்கள் இறங்க வேண்டாம், அவருக்கு அலுங்கும்" என்று தானே இறங்கித் தள்ளினார். பின்னால் வந்த ஹாரன்களை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

வண்டி கிளம்பக் காத்திருந்தபோது மன்னி சொன்னாள். "பெட்டிக்குள்ள ரெண்டு இருக்கு வசு. பெரியவர் மாமனார் காலத்துது. சின்னவர் இருக்காரே, அவர் பொறக்கும்போதே வெள்ளையா ஒரு பொட்டு வச்சிண்டு வந்திருக்கார். தூரத்துலேர்ந்து பாத்தாக்கூடத் தெரியும். மனசுக்கு ஒண்ணுன்னா நான் அவர்கிட்டதான் சொல்லிப்பேன்."

கால்சைட் நரம்பு ஓடியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கறுப்பு உருண்டைகளில் அப்படி வெள்ளைக் கோடு சகஜம். படித்த படிப்பு சும்மா இருக்காது.

கோயிலில் அர்ச்சகர் மன்னி சொன்னதையெல்லாம் கேட்டார். பிறகு உள்ளே போய் ஒரு பெரிய பித்தளைத் தாம்பாளத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் முன்னால் வைத்தார். தாம்பாளம் நிறையச் சாளக்கிராமங்கள். எலுமிச்சை அளவில், மாங்காய் அளவில், பிளந்தவை, பிளக்காதவை. எந்த அருங்காட்சியகத்திலும் நான் இப்படி ஒரு சேகரிப்பைக் கண்டதில்லை.

"இதெல்லாம் யாரோடது?" என்று கேட்டேன்.

"யாரோடதுன்னு சொல்றது மாமி? பசங்க அமெரிக்கா போயிட்டா, பெரியவா போய்ச் சேந்துட்டா, ஃப்ளாட்ட வித்தாச்சு. கடைசில இத எங்க கொண்டு வைக்கறதுன்னு தெரியாம இங்க வந்துடறா. ஒருத்தர் கூரியர்ல அனுப்பிட்டார். எல்லாருக்கும் சேத்து ஒரு தீர்த்தம், சேத்து ஒரு நைவேத்யம். நான் ஒரே ஆள், முடிஞ்சதப் பண்றேன். உங்களோடதையும் தாராளமா வச்சுட்டுப் போங்கோ. ஆனா திரும்பி வந்து கேட்டேள்னா, எது யாரோடதுன்னு எனக்குத் தெரியாது."

எங்கள் ஆய்வகமாக இருந்தால் ஒவ்வொரு கல்லிலும் வெள்ளைப் பெயிண்டால் ஒரு புள்ளி வைத்து, காய்ந்ததும் அதன்மேல் கறுப்பு மையில் எண் எழுதிவிடுவோம். களத்தில் பொறுக்குகிற எல்லாவற்றுக்கும் அப்படித்தான். சாமிக்கு நம்பர் போடச் சொல்வதா என்று வாயை மூடிக்கொண்டேன்.

மன்னி தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பையின் காதை விடவில்லை. "ஆளாளுக்கு ஒரு வீட்டுல ராஜாவா இருந்திருக்கும்" என்றாள். அப்புறம், "வா, போலாம்" என்று எழுந்துவிட்டாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணா கேட்டான். "என்ன ஆச்சு?"

"அர்ச்சகர் ஆள் அனுப்பறேன்னுட்டார். தினம் காத்தால ஆத்துக்கே வந்து பண்ணிட்டுப் போயிடுவார்" என்றாள் மன்னி. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். சொல்லும்போது அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அதில் எதுவும் இல்லை. நான் அவசரமாக, "நல்ல மனுஷனாத் தெரிஞ்சுது" என்று ஒத்துப்பாடினேன். அண்ணா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "சரி, அட்மிட் ஆயிடறேன்" என்றான். மன்னி சமையலறைக்குள் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அறுவைக்கு முதல் நாள், அவன் பூஜையை முடித்த பிறகு, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ரிட்ஜ் என்கிற குன்று வரிசையின் பாறைகள் தெரிந்தன. தில்லியின் பாறை குவார்ட்சைட். காரையும் இமயமும் கடலாக இருந்த காலத்திலேயே அது கிழம். அதில் எந்தச் சிப்பியும் இல்லை, எந்த ஓட்டின் தடமும் இல்லை. மாணவர்களோடு வந்திருந்தால் இறங்கிச் சுத்தியலால் தட்டிப் பார்த்திருப்பேன். அன்று பக்கத்தில் அண்ணா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், அவன் கை என் கையில் சில்லென்று இருந்தது. உயிரே தெரியாத அந்தக் கல்லைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

அறுவைக்குக் குறித்த நாள் காலையில் மன்னி தலைக்குக் குளித்து, சாதம் வடித்து, பூஜை அலமாரியின் முன்னால் வந்து நின்றாள். "நீ எடு வசு."

"உங்களுக்குச் சம்மதமா மன்னி?"

"நீ தொடாத கல்லா? தொழிலே உனக்கு அதுதானே. தப்புன்னா அது என் தலையோட போகட்டும். அவர் அங்க படுத்திண்டிருக்கறச்சே இங்க பட்டினி போட என்னால முடியாது."

எத்தனையோ அம்மோனைட்டுகளைக் கூசாமல் கையில் எடுத்திருக்கிறேன், பல்லிடுக்கில் பிரஷைக் கடித்துக்கொண்டு, செருப்புக் காலோடு. அன்றைக்குப் பட்டுத்துணியைப் பிரிப்பதற்கு முன்னால் இரண்டு தடவை கை கழுவிக்கொண்டேன். பெரிய உருண்டையை முதலில் எடுத்துத் தட்டில் வைத்தேன். கன்னங்கரேலென்று, அப்பா கையில் நான் பார்த்த அதே கல். பிறகு சின்னதை எடுத்தேன்.

அது கறுப்பாக இல்லை. பழுப்பு. கண்டகியில் இந்த நிறம் வராது. திருப்பினால், ஓரத்தில் வெள்ளைப் பொட்டு. கால்சைட் இல்லை. பெயிண்ட். அதன்மேல் அழிந்ததுபோக ஒரு எண்ணின் வால் மட்டும் கறுப்பாக மிஞ்சியிருந்தது. என் கையெழுத்து எனக்குத் தெரியாதா.

நான் கொடுத்தபோது அது ஒரு மண்கட்டி. சாம்பல் நிற ஷேலுக்குள்ளிருந்து சுருளின் ஒரு ஓரம் மட்டும் எட்டிப் பார்த்தது, அந்த ஓரத்தில்தான் புள்ளி வைத்தேன். காரை ஷேல் தண்ணீரில் நனைந்தால் ஊதும், காய்ந்தால் உதிரும். ஊசியும் பிரஷும் வைத்து மாதக்கணக்கில் சுத்தம் செய்ய வேண்டிய வேலை. எனக்குப் பொறுமை இல்லை, அப்படியே கொடுத்துவிட்டேன். இப்போது ஒரு பொட்டு ஷேல்கூட அதில் இல்லை. சுருள் முழுவதும் வெளியே வந்திருந்தது, விலா என்று நாங்கள் சொல்கிற மேடுகள் ஒவ்வொன்றும் தெரிய, நடுவில் அந்தப் பிராணி குழந்தையாக இருந்தபோது கட்டிய முதல் வளையம் வரைக்கும். கண்டகி ஆறு மலையில் செய்கிற வேலையை அண்ணா ஒரு உத்தரணிக் கரண்டித் தண்ணீரால் தினம் தினம் செய்திருக்கிறான்.

எனக்குக் கண் மறைத்தது. பின்னால் மன்னி கை கூப்பிக்கொண்டு, "பொட்டுக்காரா, நீதான் அவரைப் பத்திரமாக் கொண்டு வந்து சேக்கணும்" என்று முணுமுணுத்தாள். அதைக் கேட்ட பிறகு நான் எப்படி வாயைத் திறப்பேன். இரண்டுக்கும் தண்ணீர் விட்டேன், துடைத்தேன், சாதம் காட்டினேன். ஓடிப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே ரோத்தக்கிலிருந்து வந்த ஒரு குடும்பம் எங்களுக்குப் பக்கத்தில் காத்திருந்தது. அவர்கள் வீட்டுப் பெரியவரும் உள்ளேதான். அந்த வீட்டு அம்மா எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் வெந்தயக்கீரைப் பராட்டாவில் வெண்ணெயை வைத்து, ஊறுகாயோடு எங்கள் கையில் திணித்தார். "காலிவயிற்றில் பிரார்த்தனை மேலே போகாது, சாப்பிடுங்கள்" என்றார். நம் ஊரில் இதற்கு நேர் எதிராகச் சொல்வார்கள். மன்னி வெளியில் பச்சைத்தண்ணீர் குடிக்காதவள். அன்று இரண்டு பராட்டா சாப்பிட்டாள். டாக்டர் வெளியே வந்து நல்லபடியாக முடிந்தது என்று சொன்னபோது அந்த அம்மாதான் முதலில் மன்னியைக் கட்டிக்கொண்டார்.

அண்ணாவை வார்டுக்கு மாற்றிய பிறகு, பேச அனுமதி கிடைத்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி இதுதான். "ஆள் ஒழுங்கா வராரா?"

மன்னி கட்டிலின் கம்பியைத் துடைக்க ஆரம்பித்தாள். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "ஆளெல்லாம் யாரும் வரலை. நான்தான் பண்ணினேன்" என்றேன்.

அவனுக்குக் கோபம் வந்து மானிட்டரில் ஏதாவது எகிறுகிறதா என்று நான் அதைப் பார்த்தேன்.

"அப்போ உன் கல்லைப் பாத்துட்டே" என்றான்.

"ஷோகேஸ்ல வைக்கச் சொன்னா, அத எங்கடா கொண்டு வச்சிருக்கே?"

"நீதானே ரெண்டும் ஒரே ஜாதின்னு சொன்னே" என்றான், மெதுவாக, மூச்சு விட்டு மூச்சு விட்டு. "இங்க வந்து தனியா இருந்தேனா. தினம் ஒண்ணுக்கு மட்டும் சாதம் போட்டுட்டு, இன்னொண்ணு ஷோகேஸ்லேர்ந்து பாத்துண்டே இருக்கும். மனசு கேக்கலை. எடுத்து உள்ள வச்சுட்டேன்." பிறகு என் பக்கம் திரும்பினான். "உன் கல்லை நான் இத்தனை வருஷமாத் தொட்டுண்டிருக்கேன். என்னோடதை நீ நாலு நாள் தொட்டா என்ன ஆயிடும்?"

நான் அழுதேன். நர்ஸ் வந்து என்னை வெளியே போகச் சொன்னார்.

திரும்பி வரும்போது மெட்ரோ யமுனையைத் தாண்டுகிற வரைக்கும் மன்னி கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள். "அந்தப் பொட்டு?"

"பெயிண்ட், மன்னி. நான் வச்சது. நம்பர் எழுதறதுக்கு. காரைல பொறுக்கின கல் அது."

"காரைன்னா, நம்ம பெரம்பலூர்ப் பக்கத்துக் காரையா?"

"ஆமாம்."

"அப்போ அது சாளக்கிராமமே இல்லை."

"இல்லை மன்னி."

ராத்திரி மன்னி எனக்குத் தோசை வார்த்துப் போட்டாள், தான் மோரைக் குடித்துவிட்டுப் படுத்துவிட்டாள். இத்தனை வருஷம் அவள் மனசில் இருந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பொட்டை நான் ஒரே வார்த்தையில் அழித்துவிட்டேன். கல்லைப் பற்றிப் பேசாமல் ஒரு நாளாவது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தோமா என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

காலையில் நான் குளித்துவிட்டு வந்தபோது மன்னி பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். நான் வழக்கம்போலப் பட்டுத்துணியைப் பிரித்தேன். பெரிய கல்லை எடுத்துத் தட்டில் வைத்தேன். சின்னதற்குக் கையை நீட்டினேன்.

"இரு" என்றாள்.

அதைத் தனியாக வைத்துவிடச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"சாளக்கிராமத்தைத்தானே தொடப்படாது" என்றாள் மன்னி. "காரைக் கல்லைத் தொடப்படாதுன்னு எங்கயும் சொல்லலையே?"

"எங்கயும் சொல்லலை."

மன்னி ஈரக் கையைப் புடவைத் தலைப்பில் நன்றாகத் துடைத்துக்கொண்டாள். குனிந்து, இரண்டு விரலால் அந்தக் கல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். கட்டைவிரலால் சுருளின் வெளி ஓரத்தில் ஆரம்பித்து, ஒவ்வொரு விலாவாகத் தடவிக்கொண்டு, நடுவரைக்கும் போனாள்.

"இவ்வளவு சின்னவரா நீர்?" என்று அதனிடம் கேட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "தண்ணி விடு, குளிப்பாட்டறேன்" என்றாள்.